கரக்பூரில் நாங்கள் வைத்த முதற் பொங்கல்

பிழைப்பை நாடி வெளி மாநிலம் செல்லும் நம் இளைஞரின் பெட்டியில் என்னென்ன இருக்கும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஊறுகாய்ச் சாடி, பருப்புப் பொடி, குழம்புப் பொடி, வடகம், அப்பளம். இவற்றுக்கு இடம் போக எஞ்சிய மூலையில் நாலு சட்டையும் வேட்டியும். பெற்றவளின் அன்பு அப்பெட்டியை மூட முடியாதபடி நிறைந்திருக்கும். ஆனால் அந்தப் பொடியைக் கொண்டு குழம்பு வைப்பது எவ்வாறு என்பது மட்டும் அதில் இராது.

இக்குறையை நான் உணர்ந்த நாள் 2014ஆம் ஆண்டுத் தை முதல் நாள். அன்று நடந்ததைச் சங்கத்து அன்பர் சிலரிடம் கூறியபோது அவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பிறகு சற்று நேரம் பேசாதிருந்து, "இதை நம் இதழுக்கு எழுதித் தாருங்கள்" என்றார்கள். எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். இரயில்வேயில் கடைநிலைப் பணியில் சேர்ந்து, பின்னர்த் துறைத் தேர்வு எழுதி எழுத்தர் ஆனேன். முதல் நியமனம் மேற்கு வங்கத்துக் கரக்பூரில். சென்னையிலிருந்து ஹௌரா செல்லும் பாதையில், ஹௌராவுக்கு ஏறக்குறைய 115 கிலோமீட்டர் முன்னதாக உள்ள பெரிய சந்திப்பு அது. அதன் நடைமேடையின் நீளம் 1,072 மீட்டர். கோரக்பூரில் 2013இல் அதனினும் நீண்ட நடைமேடை அமையும் வரையில் உலகிலேயே நீளமானது என்ற பெயர் அதற்கு இருந்தது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுள் முதலாவது 1951இல் தோன்றியதும் அவ்வூரில்தான். பழைய வங்காள நாகபுரி இரயில்வேயின் நாள்தொட்டே தென்னாட்டவர் பலர் அங்கே குடியேறியதால், கடைத்தெருவில் தெலுங்கு தாராளமாகக் காதில் விழும். தமிழும் இடையிடையே விழும்.

அங்கே ஒரு குடியிருப்பில் தமிழ் இளைஞர் நால்வர் தங்கியிருந்தோம். நான் மன்னார்குடிப் பக்கத்தவன். மற்றவர்களுள் ஒருவர் நெல்லை, ஒருவர் விழுப்புரம், ஒருவர் சேலம். நால்வரும் பணிக்குப் புதியவர்கள். விடுப்புக் கணக்கில் ஊர் சென்று திரும்பும் அளவுக்கு நாள் சேரவில்லை. ஆகவே பொங்கலை இங்கேயே வைத்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

அதுவரை எங்கள் குடியிருப்பின் அடுக்களையில் தேநீரும் முட்டையும் தவிர வேறொன்றும் வெந்ததில்லை. மற்ற வேளைகளில் உணவு விடுதியே கதி. ஆயினும் விழுப்புரத்து நண்பர், "இருபது ஆண்டுகளாகப் பானைக்கு அருகில் நின்று 'பொங்கலோ பொங்கல்' என்று கூவியிருக்கிறோம். இது என்ன பெரிய வித்தை?" என்றார். கூவியவர்கள் நாங்கள், பானையைப் பார்த்துக்கொண்டவர் வேறு ஒருவர் என்பது எங்களில் எவருக்கும் நினைவு வரவில்லை.

சேலத்து நண்பர் மட்டும், "எனக்கு இவ்வாண்டு பண்டிகை இல்லை. நீங்கள் வையுங்கள், தம்பி. நான் உள்ளறையில் இருந்துகொள்கிறேன்" என்றார். அவருடைய அன்னையார் சென்ற ஆவணியில் காலமாகியிருந்தார். அதன் பின்னரே அவர் பணியில் சேர்ந்தார். எங்களினும் இரண்டு மூன்று வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். நாங்கள் அவரை வற்புறுத்தவில்லை.

போகியன்று மாலை மூவரும் கோல் பஜாருக்குச் சென்றோம். பெயர் வேறானாலும் காய்கள் நம் காய்களே. பறங்கிக்காய் அங்கே 'கும்ரோ', சேனை 'ஓல்', சேம்பு 'கொச்சு', அவரை 'ஷிம்', சர்க்கரைவள்ளி 'ராங்கா ஆலு'. அதே நாள் வங்காளியருக்கும் திருநாள். நமக்குத் தை முதல் நாளாகிய அன்று அவர்களுக்குப் பௌஷ மாதத்தின் இறுதி நாள். புது அரிசி மாவும் தேங்காயும் புது வெல்லமும் கொண்டு 'பிட்டே' என்னும் பலகார வகைகள் செய்வார்கள். ஆதலால் கடைத்தெருவில் நம் ஊர்க் கூட்டமே கூடியிருந்தது.

பச்சரிசி கேட்டோம். கடைக்காரர் 'கோபிந்தபோக்' என்னும் அரிசியைக் காட்டினார். சீரகச் சம்பாவைப்போல் சிறு மணி. கையில் எடுத்தால் நறுமணம். தெய்வத்துக்குப் படைக்கும் பாயசத்துக்கு உரியது என்றார். வெல்லம் கேட்டதற்கு 'நோலன் குர்' தந்தார். குளிர்காலத்தில் ஈச்சமரத்தைச் சீவிக் கலயம் கட்டி, இரவெல்லாம் சொட்டிய சாற்றை விடியலில் இறக்கிக் காய்ச்சி எடுப்பது அது. நெல்லை நண்பர் ஒரு துண்டை வாயிலிட்டு, "இது நம் கருப்பட்டிக்குத் தம்பி முறை" என்றார். அந்த வெல்லத்துக்கு ஒரு குணம் உண்டு என்பதை அடுத்த நாள்தான் அறிந்தோம்.

நல்லெண்ணெய் வாங்குவதில்தான் முதற் பிழை நேர்ந்தது. எள்ளுக்கு இந்தியில் 'தில்' என்று அறிந்துவைத்திருந்த நான், பெருமையோடு அச்சொல்லைச் சொன்னேன். நெரிசலில் அது கடைக்காரர் காதில் 'தேல்' என்று விழுந்திருக்கிறது. தேல் என்றால் எண்ணெய். அந்நாட்டில் வெறுமனே எண்ணெய் என்றால் கடுகெண்ணெய்தான். வீட்டுக்கு வந்து திறந்தபோது மூக்கில் சுருக்கென்று ஏறியது. அதற்குள் கடை மூடிவிட்டது.

இரவு, அளவு கேட்பதற்காக என் தாயாரைக் கைப்பேசியில் அழைத்தேன்.

"அரிசி எவ்வளவு, அம்மா?"

"வேண்டிய அளவு போடு, கண்ணு."

"தண்ணீர்?"

"அரிசிக்குத் தகுந்தாற்போல் வை."

"வெல்லம்?"

"உங்களுக்கு இனிப்பு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு."

"எவ்வளவு நேரம் வேகவேண்டும்?"

"வெந்ததும் இறக்கிவிடு."

அவர் எதையும் மறைக்கவில்லை. முப்பது ஆண்டுகளாகக் கையும் கண்ணும் அளந்த அளவுக்கு வாயில் சொல் இல்லை, அவ்வளவுதான். கைப்பேசியில் சமையற் காட்சிகளும் பார்த்தோம். மூன்று காட்சிகள் மூன்று அளவு கூறின. "சராசரி எடுத்துக்கொள்வோம்" என்றார் நெல்லை நண்பர். அவர் கணக்கில் கெட்டிக்காரர்.

பொழுது விடியுமுன் எழுந்து குளிர்ந்த நீரில் நீராடினோம். வெளியே பனி மூட்டம். விழுப்புரத்து நண்பர் வாசலில் கோலமிட முயன்றார். மேல்வீட்டுத் தெலுங்குக் குடும்பத்துச் சிறுமி வந்து பார்த்தாள். ஒன்றும் பேசாமல் மாவை வாங்கி, அவர் இட்டதைக் காலால் அழித்துவிட்டுப் புதிதாக இட்டாள். அவர்கள் வீட்டிலிருந்தே ஒரு பெரிய பானையும் இரவல் கிடைத்தது.

எரிவாயு அடுப்பில் பானையை ஏற்றினோம். பாலும் நீரும் ஊற்றினோம்; அரிசியும் பருப்பும் இட்டோம். சிறிது நேரத்தில் நுரை எழுந்தது, விளிம்பைத் தொட்டது, வழிந்தது. மூவரும் "பொங்கலோ பொங்கல்!" என்று கூவினோம். குரல் போதவில்லை என்று தாழ்வாரத்துக்கு ஓடித் தெருவே கேட்கும்படி கூவினோம். எதிர்வீட்டு வங்காளக் குடும்பத்தார் சன்னலைத் திறந்து பார்த்தார்கள். அவர்களுக்கும் கையசைத்தோம்.

உள்ளே பொங்கிய பால் அடுப்பை அணைத்துவிட்டது. எரிவாயு மட்டும் வந்துகொண்டே இருந்தது.

நாற்றத்தை முதலில் உணர்ந்தவர் உள்ளறையில் இருந்த சேலத்து நண்பர். அவர் ஓடிவந்து அடுப்பின் திருகையும் உருளையின் ரெகுலேட்டரையும் மூடினார், சன்னல்களைத் திறந்தார். மின்விசிறியைப் போட எழுந்த என் கையைப் பிடித்து நிறுத்தினார். "விளக்கு, விசிறி எதையும் தொடாதீர்கள். எல்லோரும் வெளியே நில்லுங்கள்" என்றார். அவர் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டது அன்றுதான். அந்த நிலையில் ஒரு பொறி எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்று எண்ணினாலும் எனக்கு உடல் நடுங்குகிறது. நாற்றம் முற்றும் நீங்கிய பிறகு, அவர் ஒன்றும் கூறாமல் தம் அறைக்குத் திரும்பிவிட்டார்.

நாங்கள் வெட்கத்தோடு அடுப்பை மீண்டும் பற்றவைத்தோம். போன நேரத்தை ஈடுகட்டும் அவசரத்தில், வெல்லத்தை உடைத்துப் பானையில் கொட்டினோம். பால் திரிந்தது. அரிசியோ அரை வேக்காட்டிலேயே நின்றுவிட்டது. அரை மணி நேரம் கிளறியும் ஒவ்வோர் அரிசியும் தன் உறுதியை விடவில்லை.

இதற்கிடையில் மற்றோர் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஏழு காய் இட்டுப் பருப்புச் சேர்த்த பொங்கல் குழம்பு. அதற்கு நான் உப்பிட்டேன். நான் இட்டதை அறியாமல் நெல்லை நண்பரும் இட்டார். சுவைத்துப் பார்த்த விழுப்புரத்து நண்பரின் முகம் எங்களுக்கு எல்லாவற்றையும் கூறிவிட்டது. மேலும் நீர் ஊற்றினோம். அதற்கு ஈடாகப் பருப்பு வேகவைத்துச் சேர்த்தோம். காயும் புளியும் கூட்டினோம். உப்புச் சரியானபோது, நால்வருக்கு வைத்த குழம்பு பன்னிருவருக்குப் போதுமானதாகியிருந்தது.

மணி ஒன்பதரை. இருவருக்குப் பிற்பகல் இரண்டு மணிக்குப் பணி. மூவரும் பானையைச் சுற்றித் தரையில் அமர்ந்துவிட்டோம். நெல்லை நண்பர் மட்டும் எழுந்து சென்று உள்ளறைக் கதவருகே நின்று, "அண்ணே, என்ன தவறு செய்தோம் என்றாவது சொல்லுங்கள்" என்றார்.

சேலத்து நண்பர் வந்தார். அடுக்களைக்குள் வரவில்லை, நிலைப்படியில் நின்றார்.

"வெல்லத்தை எப்போது போட்டீர்கள்?"

"அடுப்பை மறுபடி பற்றவைத்ததும்."

"அரிசி வெந்த பிறகே வெல்லம். முன்னே போட்டால் அரிசி அதற்குமேல் வேகாது. பால் கொதிக்கையில் வெல்லம் விழுந்தால் திரிவதும் உண்டு. அரிசி மிச்சம் இருக்கிறதா?"

இருந்தது. பாலும் அரை லிட்டர் இருந்தது. "நான் பானையைத் தொடமாட்டேன்; எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. சொல்கிறேன், நீங்கள் செய்யுங்கள்" என்றார்.

பாசிப்பருப்பை வாசனை வர வறுக்கச் சொன்னார். அரிசியோடு கழுவி, நீரும் சிறிது பாலும் விட்டு ஏற்றச் சொன்னார். நிலைப்படியிலிருந்து பார்த்தால் அடுப்பு தெரியாது. ஆயினும் சிறிது நேரத்தில், "தணலைக் குறையுங்கள்" என்றார். பார்த்தோம், பால் விளிம்புக்கு வந்திருந்தது. "பொங்கட்டும், ஆனால் ஒருவர் அருகிலேயே நில்லுங்கள்" என்றார். இம்முறை மெல்லக் கூவினோம். அடுப்பு அணையவில்லை.

ஒரு பருக்கையை எடுத்து விரல்களிடையே நசுக்கச் சொன்னார். நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் இன்னும் வேகவேண்டும் என்றார். மூன்று முறை நசுக்கிப் பார்த்த பின் புள்ளி மறைந்தது. அதன் பிறகே பானையை இறக்கி, தனியே சிறிது நீரில் கரைத்து வடிகட்டிய வெல்லத்தைச் சேர்த்துக் கிளறச் சொன்னார். பால் திரியவில்லை. மீண்டும் சிறு தணலில் ஏற்றி நெய் விட்டோம். கடுகெண்ணெய்க்கும் வழி கூறினார்: புகை எழும்வரை காயவிட்டு, சற்று ஆறவைத்துப் பிறகு தாளித்தால் காரநெடி தணிந்துவிடும் என்றார். அவ்வாறே குழம்புக்குத் தாளித்தோம்.

பன்னிருவருக்கான குழம்பை என் செய்வது? மேல்வீட்டாரையும் எதிர்வீட்டாரையும் உணவுக்கு அழைத்தோம். எதிர்வீட்டு மூதாட்டியை நாங்கள் 'மாசிமா' என்று அழைப்போம்; சிற்றன்னையைக் குறிக்கும் வங்காளச் சொல் அது. அவர் ஒரு தட்டு நிறையப் 'பாட்டிசாப்டா' கொண்டுவந்தார். மெல்லிய மாவுத் தோசைக்குள் தேங்காயும் நோலன் குரும் சேர்ந்த பூரணம். திரிந்துபோன முதற் பானையைப் பார்த்ததும் சிரித்தார். "கொதிக்கும் பாலில் இந்த வெல்லத்தைப் போடலாமா? பாயசத்துக்கும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகல்லவா போடுவோம்!" என்றார். சேலத்து அன்னை மகனுக்குக் கூறியதும், வங்கத்து அன்னை எங்களுக்குக் கூறியதும் ஒன்றாகவே இருந்தன. முதற் பானை மறுநாள் மாட்டுப் பொங்கலன்று குடியிருப்பைச் சுற்றித் திரியும் பசுக்களுக்கு விருந்தாயிற்று.

எல்லோரும் வாழையிலையில் உண்டனர். சேலத்து நண்பரின் வழக்கத்தில் தாமே பொங்கல் வைப்பதுதான் விலக்கு. பிறர் தந்தால் உண்ணலாம் என்றார். அவர் அறைக்கே ஓர் இலை கொண்டுசென்று பரிமாறினேன். ஒரு வாய் உண்டார்.

"அண்ணே, இதெல்லாம் எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டேன்.

"அம்மா மூன்றாண்டு படுக்கையில் இருந்தார், தம்பி. அக்கா மணமாகிப் போய்விட்டாள். அப்பா காலையிலேயே வேலைக்குச் செல்வார். சமையல் என் பொறுப்பு. கூடத்துக் கட்டிலிலிருந்து அம்மா சொல்வார், நான் செய்வேன். அடுப்பு அவர் கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கும் ஓசையைக் கேட்டே, 'தணலைக் குறைடா' என்பார்" என்றார்.

சற்று நேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அம்மா வைப்பதுபோல் இல்லை. ஆனால் நன்றாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் தம் தாயிடம் மூன்றாண்டு கேட்டிருக்கிறார். நான் என் தாயிடம் கேட்டது நாலு கேள்வி. அதுவும் தொலைபேசியில், அவசரத்தில். என் தாயார் நலமாக இருந்தார். கேட்பதற்கு எனக்குக் காலம் இருந்தது.

அவ்வாண்டு மே மாதம் விடுப்பில் சென்றபோது ஒரு குறிப்பேடும் 200 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு டம்ளரும் எடுத்துக்கொண்டு அடுக்களையில் நின்றேன். "அம்மா, நீங்கள் எப்போதும்போல் கையால் அள்ளுங்கள். பானையில் போடுமுன் இந்த டம்ளரில் போடுங்கள், நான் அளந்துகொள்கிறேன்" என்றேன். முதலில் நகைத்தார். பிறகு மகிழ்ச்சியோடு அள்ளினார். இருபது நாளில் சாம்பார், வற்றல் குழம்பு, இரசம், கூட்டு, பொங்கல் என்று பதினாறு பதார்த்தங்கள் குறிப்பேட்டில் ஏறின. ஒருநாள், "இத்தனை ஆண்டில் இதையெல்லாம் என்னைக் கேட்ட முதல் ஆள் நீதான்" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் எனக்கு அது தைத்தது.

அக்குறிப்பேட்டின் முதற் பக்கத்தை இங்கே தருகிறேன். பச்சரிசி 1 டம்ளர், வறுத்த பாசிப்பருப்பு கால் டம்ளர். நீர் 4 டம்ளர், பால் 1 டம்ளர். பொடித்த வெல்லம் ஒன்றரை டம்ளர். மிகுந்த இனிப்பு விரும்புவோர்க்கு 2 டம்ளர். நெய் கால் டம்ளர், ஏலக்காய் 4, முந்திரி 10, திராட்சை ஒரு கைப்பிடி. வெல்லம் எதுவாயினும் அரிசி குழைய வெந்த பிறகே சேர்க்கவேண்டும். நோலன் குர் ஆனால் பானையை இறக்கிய பிறகே. பொங்கும் வேளையில் ஒருவர் அடுப்பை விட்டு அகலக் கூடாது. இவ்வளவு நால்வர்க்குப் போதும்.

இன்று நான் வேறோர் ஊரில் பணியாற்றுகிறேன். சேலத்து நண்பர் மாற்றல் பெற்று நம் மாநிலத்துக்கே சென்றுவிட்டார். ஒவ்வொரு பொங்கலன்றும் காலையில் அவரிடமிருந்து அழைப்பு வரும். நலம் கேட்குமுன், "அடுப்பருகே யார் நிற்கிறார்கள்?" என்று கேட்பார். என் வீட்டில் அரிசி அளப்பவள் மகள். பருக்கை நசுக்கிப் பார்ப்பவன் மகன். அவன் பார்க்கும் முதற் பருக்கையிலிருந்து கடைசிப் பருக்கை வரை எல்லாம் வாய்க்குள்ளேயே போகின்றன என்பது வேறு செய்தி.

வெளியூர் வாழும் இல்லத்தரசியரே, உங்கள் மகனோ மகளோ நாளை வேறோர் ஊருக்குப் போவது உறுதி. ஊறுகாய்ச் சாடி இரண்டு திங்களில் தீர்ந்துவிடும். சாடியோடு அளவும் சென்றால், அவர்கள் எந்த ஊர் அரிசியிலும் எந்த ஊர் வெல்லத்திலும் பொங்கல் வைத்துக்கொள்வார்கள். இளைஞர்களே, அடுத்த முறை ஊர் செல்லும்போது ஒரு குறிப்பேடு எடுத்துச் செல்லுங்கள். கேட்கும்போது அவர்கள் நகைப்பார்கள், அதைப் பொருட்படுத்தாதீர்கள்.